மச்சாளின் பொய் வாத்துகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மச்சாள் உயிரோடுதான் இருக்கிறார். ஒருவரைப் பற்றி "இருந்தார்", "சொல்வார்" என்று எழுதத் தொடங்கினாலே வாசிக்கிறவர்கள் ஆளைச் சாகடித்துவிடுகிறார்கள். அவர் மொன்றியலை விட்டுக் கிழக்கே, ஆற்றோரத்துச் சிறிய ஊர் ஒன்றுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அங்கே பாடசாலை பஸ் ஓட்டுகிறார். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, "எழுது பிள்ளை. ஆனா என்னை நல்லவ ஆக்கிப்போடாதை. நான் வாசிப்பன்" என்றார்.

என் கணவரின் மூத்த அக்கா அவர். மன்னாரில் பிறந்தவர். எனக்கு மச்சாள் முறை. மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் தனியே இருந்தார், மேல்தளத்தில் நாங்கள். கலியாணம் பேசி, கடவுச்சீட்டும் கையுமாக நான் மொன்றியல் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று, மாலையோடு நின்ற சொந்தக்காரர்களை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படத்தில இதைவிட மெலிஞ்ச பிள்ளையா இருந்தது" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதற்குள் தன்னுடைய குளிர்ச்சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டு, கழுத்துவரை ஸிப்பை இழுத்துவிட்டு, "ஆனா சிரிப்பு படத்தில வரேல்லை. நேரிலதான் வடிவு" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். மச்சாளுக்குப் பொய் சொல்ல வராது என்பது எனக்கு அப்போது தெரியாது. அது தெரிந்த பிறகு, அந்த இரண்டாவது வசனத்தை நான் இன்றுவரை நகையைப்போல வைத்திருக்கிறேன்.

பொய் சொல்ல மாட்டார் என்று சொல்லவில்லை, வராது. சிலருக்கு விசிலடிக்க வராதது மாதிரி. முயன்று பார்ப்பார். காது இரண்டும் சிவக்கும், கை சட்டைப் பொத்தானைத் தேடும், பிறகு உண்மை தானாக வெளியே விழும். ரொறன்ரோவிலிருந்து ஒரு தாய், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு பொடியனைத் தன் மகளுக்குப் பார்ப்பதாகவும், ஆள் எப்படி என்றும் தொலைபேசியில் விசாரித்தார். மச்சாள் சொன்னார்: "தங்கமான பொடியன். குடி இல்லை. தாயை நல்லாப் பாக்கிறான். கோவம் வந்தா பிளேட்டை எறிவான். சுவருக்குத்தான், ஆளுக்கு இல்லை."

சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தது. பொடியனின் தாய் மாதா கோயிலில் மச்சாள் இருக்கும் வாங்கைவிட்டு எட்டப் போய் இருக்கத் தொடங்கினார். மச்சாளோ ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாங்குவரை நடந்துபோய், "சுகமோ?" என்று கேட்டுவிட்டுத் தன் இடத்துக்கு வருவார். கொஞ்சக் காலம் கழித்து அந்தப் பொடியனே அவரைத் தேடி வந்தான். "அன்ரி, இப்ப நான் பிளேட் எறியிறேல்லை. அடுத்தமுறை ஆரும் கேட்டா அதையும் சொல்லுங்கோ" என்றான். மச்சாள் சொன்னார். கலியாணம் நடந்தது.

அப்படிப்பட்டவருக்கு உலகத்திலேயே பிடித்த வேலை எது தெரியுமா? ஏமாற்றுவது. ஆட்களை அல்ல, வாத்துகளை.

எங்கள் வீட்டின் நிலவறை முழுக்கச் சாக்குகள். சாக்கு நிறைய பிளாஸ்டிக் வாத்துகள். வெள்ளை வாத்து ஒரு பக்கம். கறுத்தக் கழுத்தும் கன்னத்தில் வெள்ளைப் பட்டையுமாக நாங்கள் பூங்காவில் தினம் காணும் கனடா வாத்து மறுபக்கம். வேட்டைக்குப் போகிறவர்கள் இவற்றை வயலில் பரப்பிவைத்துவிட்டு நடுவில் ஒளிந்து கிடப்பார்கள். மேலே பறக்கிற நிஜ வாத்துகள், கீழே தங்கள் சனம் மேய்கிறது என்று நம்பி இறங்கும். கடையில் இவற்றுக்கு ஏதோ பெயர் இருந்தது. மச்சாள் வைத்த பெயர் பொய் வாத்து. "பொய் வாத்துக்கு மூக்கு உரிஞ்சுபோச்சு, பெயின்ற் அடிக்க வேணும்" என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு குறும்பு வரும்.

மொன்றியலிலும் மச்சாள் பாடசாலை பஸ்தான் ஓட்டினார். அவரோடு பஸ் ஓட்டிய ஜினெட் என்ற, கெபெக்கிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரப் பெண்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனவர். அன்று திரும்பி வந்த மச்சாள் சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று கதைக்கத் தொடங்கியவர், சேறு காய்ந்து உதிரும்வரை நிறுத்தவில்லை என்று இவர் சொல்லுவார். இவர் என்றால் என் கணவர். பிறகு மச்சாள் வகுப்புக்குப் போய், பிரெஞ்சில் சோதனை எழுதி, துவக்குக்கும் வேட்டைக்கும் அனுமதி எடுத்தார். எடுத்த கையோடு பங்குச் சாமியாரிடமும் போய்க் கேட்டார்.

"ஃபாதர், வாத்தை ஏமாத்திறது பாவமோ?"

"சுட்டதைச் சாப்பிடுறனீங்களோ, எறியிறனீங்களோ?"

"சாப்பிடுறது ஃபாதர். வறுத்த தூள் போட்டு, இறைச்சி எலும்பை விடுமட்டும் அவிச்சு."

"அப்ப எனக்கும் ஒரு சட்டி கொண்டாங்கோ" என்றாராம் சாமியார்.

ஜினெட்டுக்கு முழங்கால் பழுதாகி வேட்டையை விட்ட வருடம், சாக்குத் தூக்க ஆள் இல்லாமல் மச்சாள் என்னைப் பார்த்தார். எனக்குத் துவக்கைக் கண்டாலே பயம். "நீ சுட வேண்டாம். பொய் வாத்து வைக்க ரெண்டு கை வேணும், அவ்வளவுதான்" என்றார். போனேன்.

ஆற்றின் தென்கரையில், பாலம் கடந்து கன தூரம். அறுவடை முடிந்த சோளவயல். விவசாயியிடம் முன்பே சம்மதம் கேட்டிருந்தார். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. சேறு சப்பாத்தைப் பிடித்து இழுத்தது. சாக்கை அவிழ்த்து, கைக்கு வந்த வாத்தை எடுத்துக் கண்ட இடத்தில் குத்தத் தொடங்கினேன்.

"ஐயோ பிள்ளை! உதைத் தூக்கு, உதைத் தூக்கு!"

வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவில் நான் நாலைந்து கனடா வாத்துகளை நட்டிருந்தேன்.

"ஏன் மச்சாள்? எல்லாம் வாத்துத்தானே?"

"கலியாண வீட்டில நீ எப்பிடி? ஒரு மூலையில இருந்து நிம்மதியாச் சாப்பிட்டிட்டு வாற ஆள். உன்னைக் கொண்டுபோய் டான்ஸ் ஆடுற கூட்டத்துக்கு நடுவில இருத்தினா இருப்பியோ?"

"மாட்டன்."

"உதுகளும் மாட்டுதுகள். வெள்ளைக்குச் சனம் வேணும், சத்தம் வேணும். பள்ளிக்கூடம் விட்டோடனை என்ர பஸ் வாசலில நிக்குமே, அப்பிடி நெருக்கி வை. இந்தக் கறுத்தக் கழுத்து அப்பிடி இல்லை. இது குடும்பம் குடும்பமாத்தான் இருக்கும். தாய், தேப்பன், பிள்ளையள். பக்கத்துக் குடும்பத்துக்கும் தனக்கும் இடையில மரியாதையா ஒரு இடைவெளி விடும். அதுகளை அங்காலை, தனிய வை."

இருட்டில் ஓடி ஓடி வைத்தோம். ஒரு குடும்பத்தில் ஒரு வாத்துத்தான் தலையைத் தூக்கிக் காவல் பார்க்க வேண்டும்; எல்லாமே தூக்கினால் பயந்து நிற்பதாக மேலே பறப்பவை விளங்கிக்கொள்ளும். எல்லாமே காற்றைப் பார்த்து நிற்க வேண்டும், ஆனால் பட்டாளம் மாதிரி ஒரே நேராக அல்ல. வாத்து காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும்; அதனால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வெறும் தரையாக ஓர் இடம் விட வேண்டும், வருகிறவர்கள் வந்து இருக்கக் கதிரை போடுகிற மாதிரி. மச்சாள் கொஞ்சத் தூரம் நடந்துபோய் வயலைத் திரும்பிப் பார்ப்பார், தலையைச் சொறிவார், ஓடிவந்து ஒரு வாத்தை ஒரு முழம் நகர்த்துவார். குளிரில் என் மூக்கு ஒழுகியது. ஆனால் எனக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிவிட்டது. நானாக ஒரு குடும்பத்தை வைத்து, "மச்சாள், இது சரியோ?" என்று கூப்பிட்டேன்.

வந்து பார்த்தார். "இது நிஜம் மாதிரி இருக்கு" என்றார். அவர் வாயால்!

வெள்ளைத் துணி போர்த்து வெள்ளை வாத்துகளுக்கு நடுவில் மல்லாந்து படுத்தோம். வானம் சாம்பலாகி, பிறகு இளஞ்சிவப்பானது. முதலில் சத்தம்தான் வந்தது. எங்கோ தூரத்தில் ஒரு பாடசாலை முழுவதும் இடைவேளைக்கு விட்டதுபோல ஓர் இரைச்சல். அது வளர்ந்து வளர்ந்து தலைக்கு மேலே வந்தபோது வானமே தெரியவில்லை. வெள்ளை, வெள்ளை, சிறகு நுனியெல்லாம் கறுப்பு! சுழல்காற்றில் அகப்பட்ட கடதாசித் துண்டுகள் மாதிரிச் சுற்றிச் சுற்றி, ஒன்றின் கீழ் ஒன்று, கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கின.

"மூச்சு விடாதை" என்று மச்சாள் கிசுகிசுத்தார். பிறகு, "சரி, மூச்சை விடு. மற்ற ஒண்டும் செய்யாதை."

எனக்கு நெஞ்சு அடித்த அடியில் போர்வை ஆடியது. எங்கள் பிளாஸ்டிக்கை நம்பிவிட்டன! நான் வைத்த பொய்யை நம்பி ஆயிரம் மைல் பறந்து வந்தவை இறங்குகின்றன! மச்சாள் எழுந்து சுட்டார். காது அடைத்தது. இரண்டு விழுந்தன. மற்றவை ஒரே கூச்சலாக மேலே கிளம்பிய காற்று என் முகத்தில் அடித்தது. நான் சேற்றில் நின்று துள்ளினேன். துவக்குக்குப் பயந்தவள், மச்சாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினேன்.

அதற்குப் பிறகு எந்தச் சீசனும் என்னை விட்டுவிட்டு அவர் போனதில்லை.

இப்போது, இவரும் எங்களோடு வேட்டைக்கு வந்த வசந்தகாலத்துக்கு வருகிறேன்.

இவர் அப்போது மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் காவல் வேலை பார்த்தார். வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகிற வண்டிகளில் ஆயுதக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். பயிற்சி எடுத்து, துவக்கு அனுமதி எடுத்து, நேர்முகத் தேர்வும் முடித்து, கடைசி அழைப்புக்காகக் காத்திருந்தார். சம்பளம் நல்லது, பகல் வேலை. கிடைத்தால் பிள்ளை ஒன்று பெறலாம் என்று நாங்கள் இரண்டுபேரும் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

"லைசென்சை வைச்சுக்கொண்டு வீட்டில படுத்துக் கிடக்கிறாய். எங்களோட வா" என்று மச்சாள் தம்பியைப் பிடித்து இழுத்தார். இவரும் வேட்டை அனுமதியும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் வந்தார்.

வசந்தத்தில் வெள்ளை வாத்தை மட்டும்தான் சுடலாம். கனடா வாத்தைத் தொடக்கூடாது, சட்டம். காரில் போகும்போதே மச்சாள் சொன்னார்: "வெள்ளை மட்டும். கழுத்து கறுப்பெண்டா கையை எடு. விளங்கிச்சோ?"

"ஓம் அக்கா, விளங்கிச்சு. நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?"

சுடக்கூடாத வாத்துக்கும் மச்சாள் இடம் வைத்தார். அதுதான் அவருடைய வித்தை. கறுத்தக் கழுத்துப் பொய் வாத்துகளைத் துவக்கு எட்டாத தூரத்தில், இடது பக்கம், தனிக் குடும்பங்களாக வைத்தார். கனடா வாத்து வந்தால் அங்கே போய் இறங்கும். எங்கள் பக்கம் வெள்ளை மட்டும் வரும். "ஆருக்கு மேலையும் ஆரும் விழாமல் வரட்டும்" என்றார்.

அருமையாகத்தான் நடந்தது. வெள்ளைக் கூட்டம் ஒன்று வந்தது, மச்சாள் ஒன்று, இவர் ஒன்று. இவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கலியாண வீடியோவில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பியது. மச்சாள் முகத்தைத் தூக்கிக் காற்றை மணந்தார்.

"எழும்புங்கோ. கறுத்தக் கழுத்தை இடம் மாத்த வேணும். இப்ப வந்தா எங்கடை தலைக்கு மேலாலதான் இறங்கும்."

"பொறுங்கோ அக்கா, அங்கை பாருங்கோ, வருது!"

வந்தன. சூரியன் எங்கள் கண்ணுக்கு நேரே. வெளிச்சத்துக்குள் நிழல் நிழலாக இறங்கின. மச்சாள் "வேண்டாம்" என்று வாய் திறப்பதற்குள் இவர் எழுந்து சுட்டுவிட்டார். என் காலடிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. நீளக் கழுத்து. கறுப்பு.

மச்சாள் குனிந்து அதைப் புரட்டினார்.

"தம்பி" என்றார் மச்சாள். "கழுத்தைப் பார்."

"கண்ணில வெயில் அடிச்சது அக்கா. தெரியேல்லை."

"ஓம். பிழை நடந்துபோச்சு. நாங்களே அதிகாரிக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுவம்."

"உங்களுக்கென்ன விசரோ? துவக்கு விசயத்தில ஒரு சின்னக் குற்றம் எண்டாலும் அந்த வேலை எனக்கு இல்லை!"

அவர்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டு நிற்கும்போதே வயலின் ஓரத்தில் ஒரு வாகனம் வந்து நின்றது. பச்சைச் சீருடையோடு ஒருவர் இறங்கினார். வேட்டைக்காரர்களைச் சோதிக்க வரும் வனவிலங்கு அதிகாரி. இவர் ஒரு கணம்தான் யோசித்தார். செத்த வாத்தை எடுத்துக்கொண்டு குனிந்து ஓடி, கனடாப் பொய் வாத்து ஒன்றைத் தூக்கினார். அவை உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோதுதான். வாத்தை அதற்குள் செருகிக் கவிழ்த்துவிட்டு வந்தார். மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி வயதானவர், நல்ல மனிதர். பத்திரங்களைப் பார்த்தார். வெள்ளை வாத்துகளை எண்ணினார். பிறகு வயலைச் சுற்றிப் பார்த்தபடி அந்தக் கனடாக் குடும்பத்தின் அருகிலேயே போய் நின்றார்.

"யார் வைத்தது இதை? உயிருள்ளது மாதிரியே இருக்கிறதே!" என்று பிரெஞ்சில் பாராட்டினார்.

"நான்தான்" என்றார் மச்சாள்.

"வெள்ளை வாத்து மட்டும்தானே சுட்டீர்கள்? வேறொன்றும் இல்லையே?"

இவர் அக்காவைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். மச்சாளின் காதுகள் தொப்பிக்கு வெளியே மிளகாய்ப்பழமாக இருந்தன. கை சட்டைப் பொத்தானுக்குப் போனது.

"வீ" என்றார். ஆம் என்ற அந்த ஒற்றைச் சொல்.

அதிகாரி நன்றி சொல்லி, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுத் திரும்பி நடந்தார். இவர் கண்ணை மூடி ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு அக்காவைப் பார்த்த பார்வை! சின்னப்பிள்ளையைத் தண்ணீருக்குள் இருந்து தூக்கிவிட்ட ஆளை அந்தப் பிள்ளை பார்ப்பது மாதிரி. நான் மனதுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன்.

அதிகாரி வயலில் பாதி தூரம் போயிருப்பார்.

"மெஸ்யூ!" என்று ஒரு குரல் கிழிந்தது. "மெஸ்யூ, அத்தாந்தே!" ஐயா, பொறுங்கோ என்ற பிரெஞ்சு.

மச்சாள் ஓடத் தொடங்கிவிட்டார். முதலில் கனடாக் குடும்பத்துக்கு ஓடினார், கோதை உதைத்துத் தள்ளினார், செத்த வாத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினார், பிறகு அதிகாரியை நோக்கி ஓடினார். கனத்த சப்பாத்தோடு, சேறு இரண்டு பக்கமும் தெறிக்க, கையில் வாத்தின் சிறகு விரிந்து ஆட!

"அக்கா! நில்லுங்கோ! அக்கா!" இவர் பின்னால் பாய்ந்தார். பத்தடி போவதற்குள் ஒரு சப்பாத்து சேற்றில் நின்றுவிட்டது. கால் மட்டும் வெளியே வந்தது. முகம் குப்புற விழுந்தார். நான் நின்ற இடத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சாள் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி சுட்டது. வெயில் கண்ணில். காற்று மாறியதும் தான் உடனே பொய் வாத்துகளை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. தான் ஆம் என்று சொன்னது பொய். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அதிகாரி வாத்தைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார், முகமெல்லாம் சேறாக வந்து நின்ற இவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் பலர் தன்னைக் கண்டு ஓடியதுண்டு, தனக்குப் பின்னால் ஒருவரும் ஓடிவந்ததில்லை என்றார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். இவர் பெயரில் தண்டம் எழுதினார்.

வேலை கிடைக்கவில்லை. வழக்கு முடியட்டும் என்று சொன்னார்கள். முடிவதற்குள் வேறு ஆட்களை எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இவர் அக்காவோடு கதைப்பதை நிறுத்தினார். ஒரே வீடு, ஒரே படிக்கட்டு. மச்சாள் கீழே நின்று என்னிடம், "உன்ர மனுசனிட்டைச் சொல்லு பிள்ளை, கார் லைற் எரியுது" என்பார். பக்கத்தில் நிற்கிற இவர் என்னிடம், "கண்டிட்டன் எண்டு சொல்லு" என்பார். நான் இருவருக்கும் நடுவில் கிளிப்பிள்ளை.

எனக்கும் கோபம்தான். ஒருநாள் அழுதுகொண்டே கேட்டேன்: "அந்த அதிகாரி திரும்பிப் போயிட்டார் மச்சாள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"ஏலாமல் போச்சு பிள்ளை" என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சாப்பாடும் குறைந்திருந்தது என்பதை அவர் குப்பை வாளியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இலையுதிர் காலம் வந்தது. லாசாலுக்கு மேலால், ஆற்றைப் பிடித்துக்கொண்டு, வாத்துக் கூட்டங்கள் தெற்கே போகத் தொடங்கின. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் மச்சாள் கையில் கரண்டியோடு தெருவுக்கு ஓடுவார். அந்த வருடம் கதவு திறக்கவில்லை. நிலவறைக்குள்ளும் அவர் போகவில்லை. இவர் யன்னலருகே நின்று மேலே பார்ப்பார், பிறகு கீழே அக்காவின் வாசலைப் பார்ப்பார், பிறகு திரைச்சீலையை இழுத்துவிடுவார்.

ஒரு பின்னேரம் மச்சாள் படியேறி வந்தார். வெறுங்கையோடு வந்தார், எப்போதும் ஏதாவது கறியோடு வருகிறவர். இவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தார். மச்சாள் இருக்கவில்லை.

"தம்பி, நான் சொல்லிப்போட்டுப் போறன். நீ பதில் சொல்ல வேண்டாம். அந்த மனுசனிட்டை உண்மையைச் சொன்னதுக்கு நான் உன்னட்டை மன்னிப்புக் கேக்க மாட்டன். திருப்பி நடந்தாலும் சொல்லுவன்."

இவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆனா அதுக்கு முதல் வீ எண்டு சொன்னன் பார். அப்ப உன்ர முகத்தைக் கண்டனான். நீ என்னை நம்பினாய். அக்கா காப்பாத்திப் போட்டா எண்டு நம்பினாய். உன்னை நம்பவைச்சு இறக்கிப்போட்டுத்தான் பிறகு சுட்டனான். வாத்துக்குச் செய்யிறதை உனக்குச் செய்துபோட்டன். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். அது மட்டும்தான் பிழை. அதுதான் என்னை நித்திரை கொள்ள விடுதில்லை."

சொல்லிவிட்டுத் திரும்பிக் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டார்.

"அக்கா."

அரை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். மச்சாள் நின்றார்.

"நான் சேத்துக்குள்ள விழுந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். திரும்பிப் பாத்தனான்."

"பாத்துப்போட்டோ ஓடினீங்கள்?"

"ஓம்."

"ஒரு சொட்டுக்கூட நிக்கேல்லையோ?"

"இல்லை. நீ எழும்பினா என்னைப் பிடிச்சுப்போடுவாய் எண்டு இன்னும் கெதியா ஓடினனான்."

இவர் அக்காவைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு வாயோரம் துடித்தது. பிறகு வெடித்துவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்து, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். எது சிரிப்பு எது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. மச்சாள் கதவுப்பிடியை விடாமல் நின்று மூக்கைச் சிந்தினார். நான் போய்த் தேத்தண்ணி வைத்தேன்; வேறு என்ன செய்ய?

அந்த வேலை திரும்பி வரவில்லை. இவர் மருத்துவமனையிலேயே இருந்து பிறகு மேற்பார்வையாளர் ஆனார். ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்தச் சிரிப்புக்கு அடுத்து வந்த சனிக்கிழமையை.

மூன்றுபேரும் தென்கரைக்குப் போனோம். இலையுதிர் காலத்தில் இரண்டு சாதியையும் சுடலாம். கனடாக் குடும்பங்களைத் தானே வைப்பதாக இவர் அடம்பிடித்தார். மச்சாள் தள்ளி நின்று பார்த்தார்.

"அது என்ன, கோர்ட்டுக்கு வந்த குடும்பம் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிக்குதுகள்?"

"நீங்கள் வையுங்கோவன் அப்ப!"

"இல்லை, நீயே வை. அந்தச் சின்னதைத் தாய்க்குக் கிட்ட விடு. ஆ, இப்ப ஒரு வீடு."

வெளிச்சம் வந்தது. படுத்தோம். கனடா வாத்துகள் ஒன்பதோ பத்தோ, ஆழமான குரலில் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டு, வயலை ஒருமுறை சுற்றின. இவர் வைத்த குடும்பங்களைக் கழுத்தை வளைத்துப் பார்த்தன. நம்பின! சிறகை விரித்தபடி, கால்கள் முன்னுக்கு நீள, நடுவில் விட்ட வெறுந்தரையைக் குறிவைத்து நேரே எங்கள் முகத்துக்கு வந்தன.

"இப்ப!" என்றார் மச்சாள்.

இவர் எழுந்து சுட்டார். மறுபடியும் சுட்டார். கடைசிக் குண்டையும் சுட்டார். ஒரு சிறகுகூட உதிரவில்லை. வாத்துகள் ஆறுதலாக வளைந்து மரங்களுக்கு மேலால் போய்விட்டன.

இவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "மயிரிழையில தப்பிப் போச்சு, என்ன அக்கா?"

நான் மச்சாளின் காதைப் பார்த்தேன். அது சிவக்கவே இல்லை.

"இல்லை தம்பி. நீ சுட்டது அதுகளுக்குத் தெரியவே தெரியாது."

மூன்றுபேரும் சேற்றில் உருண்டோம். இவர் துவக்கை வைத்துவிட்டு மண்டியிட்டுச் சிரித்தார்; நான் மூச்சு முட்டிப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்தேன். அப்போதுதான் வடக்கிலிருந்து அந்த இரைச்சல் கேட்டது. அடிவானம் முழுக்க வெள்ளையாக எழும்பி வந்துகொண்டிருந்தது. மச்சாள் தம்பியின் பிடரியைப் பிடித்துச் சேற்றோடு அமத்தினார்.

"படடா! படு! சிரிக்காதை! வெள்ளை வருது!"

சொன்னவரால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.